நகர் நலச்சங்கம் நடத்துவது: கடலூர்ப் பக்கத்து மனைப்பிரிவுகளுக்கு முழுமையான வழிகாட்டி

தனி வீடுகளும் காலி மனைகளும் கலந்த ‘நகர்’களுக்காக எழுதியது இது. கடலூரில் கூத்தப்பாக்கம், செம்மண்டலம், வில்வநகர், கோண்டூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படிப்பட்ட மனைப்பிரிவுகள்தான். அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சட்டமும் கணக்கும் வேறு, அதை இங்கே கலக்கவில்லை.

புதிதாகச் சங்கம் தொடங்குகிறவர்கள் உழைப்பில் குறை வைப்பதில்லை. வேலைகளின் வரிசையில்தான் பிசகுகிறார்கள். முதலில் பணம் வசூலாகிறது, அந்தப் பணத்தில் நுழைவு வளைவும் பெயர்ப்பலகையும் வருகின்றன, பிறகு பூங்காவுக்கு வண்ணம். ஐப்பசியில் மழை பிடித்து முழங்கால் தண்ணீர் நிற்கும்போதுதான் வாய்க்கால் எங்கே முடிகிறது என்று தேட ஆரம்பிக்கிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. எது யாருடைய சொத்து என்று முதலில் பாருங்கள்

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலையும் பூங்கா இடமும் சங்கத்துக்குச் சொந்தமல்ல. மனை போட்டவர் அவற்றைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருப்பார். சங்கத்துக்கு அங்கே உள்ளது பராமரிக்கும் வேலை மட்டும். இது தெரியாமல் பூங்காவில் சங்கக் கட்டடத்துக்கோ கோயிலுக்கோ அஸ்திவாரம் போட்டுவிட்டுப் பிறகு இடிக்க வேண்டிய நிலைக்கு வந்த நகர்கள் உண்டு. திறந்தவெளி ஒதுக்கீடாகக் காட்டிய இடம் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும்.

சேகரிக்க வேண்டிய காகிதங்கள் மூன்று: நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் எண்ணுடன் கூடிய மனைப்பிரிவு வரைபடம், சாலைக்கும் பூங்காவுக்குமான தானப் பத்திரத்தின் நகல், அந்தச் சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று. வரைபடம் மனை வாங்கியவர் யாரிடமாவது இருக்கும். தானப் பத்திரம் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் உள்ளாட்சிக்கு மனு போடலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அடுத்து, எந்த உள்ளாட்சி என்பதை உறுதி செய்யுங்கள். கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆனது. ஆனாலும் ஊரை ஒட்டிய பல நகர்கள் ஊராட்சியில்தான் இருக்கின்றன, சில நகர்களில் ஒரு தெரு அங்கேயும் அடுத்த தெரு இங்கேயுமாக இருக்கும். வீட்டு வரி ரசீதைத் தெருவுக்கு ஒன்றாக வாங்கிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தெருவிளக்கு மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பது பெரும்பாலும் இதில் ஏற்படும் குழப்பத்தால்தான்.

தென்பெண்ணையாற்றுக்கு வடக்கே வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். பாகூர் கொம்யூன் (புதுச்சேரியின் ஊராட்சி அமைப்பு) எல்லைக்குள் இருந்தால் அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். சட்டமும் அலுவலகமும் மாறும். அங்கே உள்ளாட்சித் தேர்தல் 2006-க்குப் பிறகு நடக்கவில்லை, கவுன்சிலர் கிடையாது. மனு நேரே கொம்யூன் ஆணையருக்குப் போக வேண்டும்.

அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு என்றால் பூங்கா என்று விற்பனைப் படத்தில் காட்டிய இடம் இன்னும் மனை போட்டவர் பெயரிலேயே இருக்கக்கூடும். அந்த இடத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். முதலில் பட்டா யார் பெயரில் என்று பாருங்கள்.

2. சங்கத்தைப் பதிவு செய்யுங்கள்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. குறைந்தது 7 பேர் வேண்டும். செயற்குழுவில் மூவருக்குக் குறையக் கூடாது, அதன் பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது. புதுச்சேரிப் பக்கம் 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது, அங்கேயும் 7 பேர்.

துணைவிதி எழுதும்போது பக்கத்து நகரின் நகலை அப்படியே வாங்கிப் பெயரை மட்டும் மாற்றுவது வழக்கமாகிவிட்டது. அதைச் செய்யாதீர்கள். உங்கள் நகருக்கென்று நான்கு விஷயங்கள் தெளிவாக வேண்டும். வாடகைக்கு இருப்பவர் உறுப்பினரா, அவருக்கு ஓட்டு உண்டா? காலி மனைக்காரர் சந்தா எவ்வளவு? இரண்டு மனை வைத்திருப்பவருக்கு ஓட்டு ஒன்றா இரண்டா? செயற்குழு தன் பொறுப்பில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்யலாம்? பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பகுதி இந்த நான்கில்தான் பிறக்கிறது.

வாடகைக்காரரை வெளியே நிறுத்தாதீர்கள். நகரில் தினமும் இருப்பவர் அவர். மனைச் சொந்தக்காரர் நெய்வேலியிலோ சென்னையிலோ இருப்பார். வாய்க்கால் அடைத்ததை முதலில் பார்ப்பது வாடகை வீட்டுக்காரர்தான். ஓட்டு இல்லாத இணை உறுப்பினராகவாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு கிடைத்ததோடு வேலை முடியவில்லை. நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டி வரவு செலவையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நான்கைந்து வருடம் தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டு, வங்கியோ நீதிமன்றமோ கேட்கும்போது அபராதத்தோடு ஓடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பொருளாளரின் நாட்காட்டியில் இந்தத் தேதி முதலில் ஏற வேண்டும்.

3. வங்கிக் கணக்கும் சந்தாவும்

பதிவுச் சான்று, துணைவிதி, செயற்குழுத் தீர்மானம் மூன்றையும் வைத்துச் சங்கத்தின் பெயரில் பான் அட்டை, பிறகு வங்கிக் கணக்கு. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் யாராவது இருவர் கையெழுத்திட்டால் செல்லும் என்று கணக்கைத் திறங்கள். மூவரும் கையெழுத்திட வேண்டும் என்று வைத்தால் ஒருவர் மகன் வீட்டுக்கு வெளியூர் போயிருக்கும் மாதத்தில் மோட்டார் பழுதுக்குப் பணம் எடுக்க முடியாது. ஒருவரே போதும் என்று வைத்தால் அவர் நேர்மையானவராக இருந்தாலும் கேள்வி எழும்.

கியூஆர் அட்டை சங்கக் கணக்குக்கு மட்டும் இருக்கட்டும். ‘இப்போதைக்கு என் எண்ணுக்கு ஜிபே செய்யுங்கள்’ என்று பொருளாளர் சொல்வதில்தான் கணக்குக் குழப்பம் தொடங்குகிறது. தன் பணமும் ஊர்ப் பணமும் கலந்த பிறகு அவராலேயே பிரித்துக் காட்ட முடியாது.

சந்தாவை ‘பக்கத்து நகரில் எவ்வளவு’ என்று கேட்டு முடிவு செய்யாதீர்கள். முதலில் செலவை எழுதி, அதை வசூலாகக்கூடிய எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு: 80 மனை, அதில் 62 வீடு, 18 காலி மனை. வீட்டுக்கு மாதம் 250 ரூபாய், காலி மனைக்கு 100. மாதம் 17,300, ஆண்டுக்கு 2,07,600. முழுதும் வராது, 85 விழுக்காடு வந்தால் நல்ல சங்கம். ஆகக் கையில் சுமார் 1,76,000.

இதில் பூங்கா வேலைக்குப் பகுதிநேர ஆள் 60,000, தண்ணீர் திறந்துவிடுபவருக்கு 36,000, வாய்க்கால் தூர்வாரலுக்கு 35,000, சில்லறைப் பழுது, மின்கட்டணம், சாமான்களுக்கு 20,000. மீதி 25,000 கையிருப்பு நிதி. இந்தக் கையிருப்பைத் தனி வைப்புத் தொகையாகப் போடுங்கள். சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தால் பொங்கல் விழாவுக்குப் போய்விடும்.

காலி மனைக்காரர் ஏன் தர வேண்டும் என்று கேட்பார். முட்புதரும் பாம்பும் தேங்கும் தண்ணீரும் அவர் மனையில்தான், அதைச் சுத்தம் செய்வதும் சங்கம்தான். மனையின் படத்தோடு கடிதம் அனுப்பினால் பெரும்பாலானவர்கள் கட்டிவிடுகிறார்கள்.

பாக்கிக்காரர் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தனியாக நேரில் ஒருமுறை, எழுத்தில் ஒருமுறை கேளுங்கள். குழுவில் பெயர் வந்தவர் கூச்சத்தில் கட்ட மாட்டார், கோபத்தில் விலகிப் போவார். குடிநீரை நிறுத்துவது அறவே கூடாது. அந்தக் குழாய் உள்ளாட்சியுடையது, நிறுத்தும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை.

4. தீர்மானப் புத்தகம்

பக்க எண் அச்சிட்ட கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று போதும். தேதி, வந்தவர் கையெழுத்து, முடிவு, பொறுப்பாளர், முடிக்க வேண்டிய நாள். பேசியதையெல்லாம் எழுத வேண்டாம், முடிவு மட்டும் இருக்கட்டும். பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டது மட்டும் போதும் என்று நினைத்தால், எதிர்க்கிறவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும்போது கையில் சான்று இருக்காது.

ஊராட்சியில் உள்ள நகர் என்றால் கிராம சபை உங்கள் இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள். மே 1 அன்று வாய்க்கால் கோரிக்கையைத் தீர்மானமாக ஏற்றிவிட்டால் மழைக்கு முன் வேலை நடக்க வாய்ப்பு உண்டு. அக்டோபர் 2 அன்று அதே கோரிக்கையை வைத்தால் அடுத்த ஆண்டுதான்.

5. ஆண்டு வேலையை ஜூலையில் தொடங்குங்கள்

கணக்குக்கு ஏப்ரல் சரி, வேலைக்கு ஜூலைதான் ஆண்டுத் தொடக்கம். கடலூருக்குப் பெருமழை அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை பெய்வது. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், ஜூலையில் பொதுக்குழுவும் நிதி ஒதுக்கீடும், ஆகஸ்டில் மரக்கிளை கழித்தல், செப்டம்பரில் தூர்வாரல், அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டாம் சுத்தம். மழை முடிந்து ஜனவரியில் சாலைக் குழி, வண்ணம், கன்று நடுதல். சங்கத்தில் மற்ற எல்லாம் சுமாராக நடந்தாலும் பரவாயில்லை, ஜூலை முதல் அக்டோபர் வரையான நாலு மாதம் தவறக் கூடாது.

6. வடிகால்

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். ஐந்து ஏக்கர் நகர் என்பது சுமார் 20,000 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழை அதன்மேல் விழுந்தால் 20 லட்சம் லிட்டர். கடலூரில் ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் என்பது அரிதல்ல. மூன்று அங்குல டீசல் பம்பு நன்றாக ஓடினால் மணிக்குச் சுமார் 50,000 லிட்டர் இறைக்கும். பாதித் தண்ணீர் மண்ணுக்குள் போனாலும் மீதியை இறைக்க 20 மணி நேரம் வேண்டும். ஆகவே பம்பு வாங்கும் யோசனை கடைசியில் வரட்டும், தண்ணீர் தானே ஓடிப்போகும் வழிதான் முதலில்.

முதல் வேலை, நடந்து பார்ப்பது. கோடையிலேயே நகரின் கடைசி வாய்க்காலைப் பிடித்து அது எங்கே போய்ச் சேருகிறது என்று முடிவு வரை நடந்து போங்கள். பெண்ணையாறா, கெடிலமா, உப்பனாறா, ஏரியா, அல்லது யாரோ ஒருவர் மனையில் மண் போட்டு மூடிய இடமா? பல நகர்களில் வாய்க்கால் சுத்தமாக இருந்தும் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் நகருக்கு வெளியே அரை கிலோமீட்டரில் இருக்கும் ஒரு சிறுபாலத்தின் அடைப்பு. அது நெடுஞ்சாலைத் துறையுடையதா, நீர்வளத் துறையுடையதா, உள்ளாட்சியுடையதா என்று கேட்டு, படத்தோடு ஜூலையிலேயே மனு கொடுங்கள்.

இரண்டாவது, மட்டம் பார்ப்பது. கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல் போதும். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் 40 அடி, காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர். முழுத் தூரத்தையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம், 30 அடிக்கு ஒருமுறை மதில் சுவரில் ஒரே மட்டத்துக்குக் கோடு போட்டுக்கொண்டே போங்கள். கோட்டிலிருந்து வாய்க்கால் தரை வரை அளந்து எழுதுங்கள். நூறு அடிக்கு ஆறு அங்குலம் இறக்கம் கிடைத்தால் நன்று. கடலூரின் தட்டைத் தரையில் மூன்று அங்குலம் கிடைத்தாலும் ஓடும். அதற்கும் குறைந்தால் வண்டல் படிந்துகொண்டே இருக்கும், அந்தப் பகுதியைத் தனியாகக் குறித்துக்கொண்டு அடிக்கடி வார வேண்டும்.

அளக்காமல் ஆள் விட்டு ஆழப்படுத்துவது பெரிய தவறு. நடுவில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டால் அங்கே தண்ணீர் ஆண்டு முழுதும் நிற்கும், கொசு அங்கே வளரும்.

மூன்றாவது, தூர்வாரல். முடிவிடத்திலிருந்து மேல்நோக்கி வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் கலங்கிய சேறு கீழே போய் ஏற்கெனவே அடைத்த இடத்தை இன்னும் அடைக்கும். கீழே திறந்துவிட்டால் மேலே வேலை செய்யும்போதே தண்ணீர் வடிந்து மண் காயும். செங்கல் கட்டு வாய்க்காலில் ஜேசிபி விடாதீர்கள், வாளியின் பல் பக்கச் சுவரைப் பெயர்த்துவிடும். மண்வாய்க்காலுக்கு மட்டும் அது சரி.

அள்ளிய சேற்றைக் கரையில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வடியவிட்டு டிராக்டரில் ஏற்றிவிட வேண்டும். ஒப்பந்தம் பேசும்போதே ‘அள்ளி அப்புறப்படுத்த’ என்று இரண்டும் சேர்த்து விலை பேசுங்கள். அள்ளுவதற்கு மட்டும் பேசினால் சேறு கரையிலேயே கிடந்து முதல் மழையில் திரும்ப உள்ளே இறங்கும். முப்பத்தைந்தாயிரம் ரூபாய் ஒரே இரவில் போன மாதிரி. வேலையாட்களுக்கு முழங்கால் பூட்ஸும் கெட்டிக் கையுறையும் சங்கச் செலவில் இருக்கட்டும். சேற்றில் கண்ணாடியும் ஊசியும் உண்டு.

நான்காவது, வீட்டு வாசல் சாய்தளங்கள். கார் ஏற வாய்க்கால்மேல் சிமென்ட் போட்டு, அடியில் நாலு அங்குலக் குழாய் ஒன்றைப் புதைத்திருப்பார்கள். ஒன்றரை அடி வாய்க்கால் அந்த இடத்தில் நாலு அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது. முப்பது வீட்டில் ஒரு வீடு இப்படிச் செய்தாலும் அதற்கு மேலுள்ள எல்லோருக்கும் தண்ணீர் நிற்கும். வாய்க்காலின் முழு அகலத்துக்கும் திறப்பு இருக்க வேண்டும், மேலே எடுத்துவைக்கக்கூடிய பலகை வேண்டும். பலகை இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குலக் கனம் என்று வார்த்தால் சுமார் 53 கிலோ வரும், இருவர் கொக்கி போட்டுத் தூக்கிவிடலாம். மூன்றடிக்கு இரண்டடி என்று வார்த்தால் நூறு கிலோவைத் தாண்டும், ஒருமுறை வைத்தபின் யாரும் தூக்க மாட்டார்கள், அடியில் சுத்தமும் நடக்காது.

உப்பனாறு, கெடிலம் முகத்துவாரப் பக்கத்து நகர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். கடல் ஏற்றத்தின்போது ஆற்று மட்டம் வாய்க்கால் வாயைவிட உயர்ந்து தண்ணீர் பின்னோக்கி ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகம். கனமழை அந்த நாட்களில் வந்தால் வாய்க்கால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சில மணி நேரம் வடியாது. வாய்க்காலின் வாயில் ஒருவழித் தடுப்புக் கதவு இருந்தால் ஆற்று நீர் உள்ளே வராது. கதவின் கீல் துருப்பிடித்து இறுகுவது வழக்கம், செப்டம்பரில் கிரீஸ் வைத்து ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள்.

கழிப்பறைத் தொட்டியின் வழிநீரை மழைநீர் வாய்க்காலில் விடும் வீடுகளை முதல் ஆண்டிலேயே பேசிச் சரிசெய்யுங்கள். கறுப்புச் சேறு அங்கிருந்துதான் வருகிறது, வெள்ளம் வந்தால் அதுதான் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைகிறது.

7. தண்ணீர்த் தொட்டியும் போர்வெல்லும்

மேல்நிலைத் தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், அதில் ஒன்று செப்டம்பரில் இருக்கட்டும். வெளிக்குழாயை அடைத்து, அடிவால்வைத் திறந்து முழுதும் வடித்து, தென்னை நார் பிரஷ்ஷால் சுவரைத் தேய்க்க வேண்டும். சோப்புத்தூள் கூடாது. பிறகு பத்து லிட்டர் வாளிக்குப் பத்து கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சுவரில் பூசி, அரை மணி நேரம் விட்டு அலசி வடியுங்கள். உள்ளே இறங்குபவர் ஒருவர், வாயிலில் கண் எடுக்காமல் நிற்பவர் ஒருவர். மூடியை முன்கூட்டியே திறந்து காற்றோட்டம் விட வேண்டும். பிளீச்சிங் கரைசலை உள்ளே எடுத்துப்போன பிறகு நெடி கண்ணையும் மூச்சையும் தாக்கும், ஆகவே பூசியதும் மேலே ஏறிவிட வேண்டும்.

அன்றாடக் குளோரின் அளவு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 50,000 லிட்டர் தொட்டிக்கு 200 கிராம். தூளை அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள். வாளியில் முதலில் கூழாகக் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடிச் சுண்ணாம்பு குழாய்க்குள் போனால் வீட்டு வால்வுகள் அடைக்கும். ஊற்றி அரை மணி கழித்துத்தான் தண்ணீர் திறக்க வேண்டும். பிறகு கடைசி வீட்டுக் குழாயில் குளோரோஸ்கோப் (குளோரின் அளவு காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. தொட்டியடியில் பார்த்துத் திருப்தியடைவது தவறு. குறைவது குழாயின் கோடியில்தான்.

பிளீச்சிங் பவுடரை மூட்டையாக வாங்கி ஆறு மாதம் வைக்காதீர்கள். ஈரமும் வெயிலும் பட்டால் வீரியம் போய்விடும். கடற்காற்றில் இன்னும் விரைவாக. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு மாதத்துக்கு மட்டும்.

சங்கத்துக்குச் சொந்தப் போர் (ஆழ்துளைக் கிணறு) இருந்தால் மாதம் ஒருமுறை டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) பார்த்துக் குறித்து வையுங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் என்கிறது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. எண்ணைவிட அதன் போக்கு முக்கியம். கோடையில் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் உப்புநீர் உள்ளே வருகிறது என்று பொருள். அப்போது ஆழத்தைக் கூட்டாதீர்கள், ஓட்டும் நேரத்தைக் குறையுங்கள். தொடர்ந்து நாலு மணி ஓட்டுவதைவிட இடைவெளி விட்டு இரண்டிரண்டு மணி. கூரைநீரைப் போரை ஒட்டிய உறிஞ்சு கிணற்றுக்குத் திருப்புவதும் பலன் தரும், தேவனாம்பட்டினம் போன்ற மணல்பாங்கில் மிக விரைவாகவே. முழு ஆய்வுக்கு மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் மாதிரி கொடுக்கலாம்.

8. பூங்காவும் மரங்களும்

வேலைக்கு முன் உள்ளாட்சியின் எழுத்து அனுமதி. பெரிய செலவு என்றால் நமக்கு நாமே திட்டத்தைக் கேளுங்கள்: மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். மதிப்பீட்டை உள்ளாட்சிப் பொறியாளர்தான் போட வேண்டும். தாமாகவே வேலையை முடித்துவிட்டு ரசீதோடு போனால் பணம் வராது.

விளையாட்டுச் சாமான்களில் துருதான் எதிரி. கடற்காற்று அடிக்கும் ஊரில் பற்றவைத்த மூட்டுகள்தான் முதலில் போகும், வண்ணத்துக்கு அடியில் குமிழாகத் தெரியும். குமிழைச் சுரண்டிப் பார்க்காமல் மேலே வண்ணம் அடித்தால் உள்ளே அரித்துக்கொண்டே போய் ஊஞ்சல் சங்கிலி ஒருநாள் அறுந்து விழும். உப்புத்தாள் போட்டு உலோகம் தெரியும்வரை தேய்த்து, அன்றே பிரைமர் பூச வேண்டும். ஒரு இரவு விட்டாலும் மறுபடி துரு ஏறிவிடும். ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் அடியில் ஒரு அடி ஆழத்துக்கு ஆற்றுமணல் இருக்கட்டும். டைல்ஸ் வேண்டவே வேண்டாம்.

புல்தரை ஆசை வேண்டாம் என்பது எங்கள் முடிவு. சித்திரை, வைகாசியில் அதற்கு ஊற்றும் தண்ணீரில் முப்பது மரம் வளர்க்கலாம்.

மரத்தில் புங்கை, வேம்பு, பூவரசு, மகிழம் இந்த மண்ணுக்கும் காற்றுக்கும் ஏற்றவை. தூங்குமூஞ்சி, மயில்கொன்றை விரைவில் நிழல் தரும், ஆனால் புயலில் கிளை முறியும். வீட்டையும் மின்கம்பியையும் விட்டுத் தள்ளி வையுங்கள். கோனோகார்பஸ் நடாதீர்கள், தமிழக அரசே அதைத் தடை செய்துள்ளது. அடிமரத்தைச் சுற்றி மூன்றடிக்கு மண் திறந்திருக்க வேண்டும். தண்டை ஒட்டிச் சிமென்ட் போட்டால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது, பிடிமானம் இழந்த மரம் காற்றில் வேரோடு சாயும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் இந்த ஊரில் மரம் என்று எதையும் விட்டுவைக்காததை நினைவில் வைத்து நடுங்கள்.

ஆகஸ்டில் கிளை கழிக்கும்போது மொட்டையடிக்கக் கூடாது. அடர்த்தியைக் கால் பங்குக்கு மேல் குறைக்காமல், காற்று ஊடே போகும்படி உள்கிளைகளை எடுங்கள். பெரிய கிளையில் முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. கம்பிக்குப் பக்கத்துக் கிளையைச் சங்கத்து ஆள் தொடவே கூடாது. மின்வாரியத்திடம் சொல்லிப் பராமரிப்பு மின்தடை நாளில் அவர்களே வெட்டட்டும். மரத்தையே அகற்றுவதென்றால் அனுமதி இல்லாமல் முடியாது.

9. குப்பை, கழிவுநீர்

குப்பையை வீட்டிலேயே வகை பிரித்துக் கொடுப்பது கட்டாயம். பூங்காச் சருகை எரிக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். மூலையில் நாலடிக்கு நாலடி கம்பிவலைக் கூண்டில் போட்டு வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்துப் புரட்டினால் நாலைந்து மாதத்தில் எரு.

கழிப்பறைத் தொட்டிக்குள்ளோ பாதாளச் சாக்கடைக்குள்ளோ ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உயிர்போகும் வேலை அது. ‘கொஞ்சம் இறங்கிப் பாருப்பா’ என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. உரிமம் பெற்ற லாரியை மட்டும் அழையுங்கள். அவசரத்துக்கும் புகாருக்கும் 14420.

டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் எல்லா வீட்டிலும் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்தால் சுழற்சி அறும். ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமானம் நடக்கும் வீட்டின் தண்ணீர்த் தொட்டிதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

10. மழை நாட்களில்

அக்டோபர் முதல் வாரத்தில் தயாராக இருக்க வேண்டியவை: மண்வெட்டி 4, நீளக் கொக்கிக் கம்பி 2, டார்ச் 4, கயிறு 100 அடி, மணல் மூட்டை 100. மூட்டையை முழுதாக நிரப்பாமல் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பிக் கட்டினால்தான் செங்கல்போல ஒன்றன்மேல் ஒன்று படியும், இடுக்கில் தண்ணீர் வராது. ஒவ்வொரு வாய்க்கால் கம்பித் தடுப்புக்கும் எதிர்வீட்டார் பெயரை எழுதிவையுங்கள். மழையின்போது மணிக்கு ஒருமுறை சருகை எடுக்க வேண்டியவர் அவர்.

தேங்கிய தண்ணீரில் மின்கம்பமோ அறுந்த கம்பியோ இருந்தால் அருகே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077.

மழை விட்டதும் காவலைக் கலைத்துவிடாதீர்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரைகடந்தது. ஆற்று வெள்ளம் அதற்குப் பிறகு வந்தது: சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டு, டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணைக் கரை மூழ்கியது. ஆகவே பெண்ணையாற்றுப் பக்கத்து நகர்கள் வானத்தோடு சாத்தனூர் அறிவிப்பையும் பார்க்க வேண்டும். வெள்ளம் நள்ளிரவில் வரும் என்ற கணக்கில் முதியவர்கள், கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளின் பட்டியல் செயலாளரிடம் காகிதத்தில் இருக்கட்டும். கைபேசி அப்போது அணைந்திருக்கும்.

தண்ணீர் வடிந்ததும், மூழ்கிய மோட்டாரை உடனே ஓட்டாதீர்கள். எலக்ட்ரீஷியன் காயவைத்து மெக்கர் (மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்த பிறகுதான். மூழ்கிய தரைத்தொட்டியை முழுதும் இறைத்துக் கழுவி, குளோரின் போட்டபின் தண்ணீர் விடுங்கள்.

11. அடுத்த குழுவிடம் ஒப்படைத்தல்

பதவிக்காலம் முடியும்போது பொறுப்பு வாய்மொழியில் கைமாறுவது நல்ல சங்கங்களையும் குலைத்துவிடுகிறது. பழைய குழுவும் புதிய குழுவும் ஒரே நாளில் உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பதிவுச் சான்றின் அசல், தானப் பத்திர நகல், தீர்மானப் புத்தகங்கள், ரசீதுப் புத்தகங்களின் பயன்படுத்தாத எண்கள், வைப்புத் தொகை ரசீது, டிடிஎஸ் குறிப்பேடு, வாய்க்கால் மட்டக் கணக்கு. புதிய நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் கொடுத்த பிறகே வங்கியில் கையெழுத்து மாற்றத்துக்குப் போங்கள், வங்கி அந்த நகலைக் கேட்கும்.

பட்டியலில் கையெழுத்தானதும் இரண்டு குழுவும் சேர்ந்து ஒருமுறை வாய்க்காலின் முடிவிடம் வரை நடந்து போங்கள். எந்தப் பலகையின் கொக்கி உடைந்தது, எந்த வால்வு இடப்பக்கம் திருப்பினால் மூடும், தடுப்புக் கதவின் சாவி யார் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.